அடிமைக் குடிலிலிருந்து அருட்பீடம் வரை

அமெரிக்க ஐக்கிய நாட்டின் நடுவே வடக்கிலிருந்து தெற்கு நோக்கி மிசிசிப்பி என்னும் பேராறு ஓடுகிறது. அதன் மேற்குக் கரையில் மிசௌரி மாநிலமும் கிழக்குக் கரையில் இல்லினாய் மாநிலமும் உள்ளன. 19-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இவ்வாறு இரண்டு உலகங்களின் எல்லையாக விளங்கிற்று. மேற்குக் கரையில் மனிதனை மனிதன் விலைக்கு வாங்கலாம், விற்கலாம், மகளின் திருமணச் சீதனத்தோடு சேர்த்து அனுப்பி வைக்கலாம். சட்டம் அதற்குத் துணைநின்றது. கிழக்குக் கரையில் அடிமைமுறை இல்லை.

மிசௌரியில் 1847-ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. கறுப்பின மக்களுக்கு எழுதவோ படிக்கவோ கற்பிப்பது குற்றம் என்பதே அச்சட்டம். ஒரு சாராரின் காதில் மறை ஒலி விழுந்தால் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன நூல்களை அறிந்த நமக்கு இச்சட்டம் புதுமையாகத் தோன்றாது. உழைப்பைச் சுரண்ட விரும்புகிறவன் முதலில் ஏட்டைத்தான் பறிக்கிறான். எந்நாட்டிலும் இதுவே நடைமுறை. அச்சட்டம் நடப்பிலிருந்த மண்ணில், 1854-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 1-ஆம் நாள், ரால்ஸ் மாவட்டத்துப் பிரஷ் கிரீக் என்னும் சிற்றூரில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பிற்காலத்தில் தந்தை அகஸ்டஸ் டோல்டன் என்று உலகம் அறிந்தது அக்குழந்தையைத்தான்.

தாயார் பெயர் மார்த்தா ஜேன். கென்டக்கி மாநிலத்தில் பிறந்த அவர், எஜமானியின் திருமணத்தின்போது சீதனப் பொருள்களுள் ஒன்றாக மிசௌரிக்குக் கொண்டுவரப்பட்டவர். எலியட் குடும்பத்தார் அவருடைய உடைமையாளர். தந்தையார் பீட்டர் பால் டோல்டன் அண்டைப் பண்ணையாரான ஹேகர் குடும்பத்தாரின் அடிமை. இரு பண்ணையாரும் கத்தோலிக்கர். அவர்களுடைய அடிமைகளும் கத்தோலிக்கர். கணவனும் மனைவியும் வேறு வேறு எஜமானர்களுக்கு உரியவர்களாயினும் பிள்ளைகள் தாயின் எஜமானருக்கே சொத்து என்பது அக்காலத்து வழக்கு. ஆகவே சார்லஸ், அகஸ்டஸ், ஆன் என்ற மூன்று பிள்ளைகளும் பிறந்த பொழுதே எலியட்டின் உடைமைக் கணக்கில் சேர்ந்தனர்.

1854 மே 29-ஆம் நாள் புனித பேதுரு ஆலயத்தில் குழந்தை அகஸ்டசுக்குத் திருமுழுக்கு நடைபெற்றது. எஜமானியே ஞானத்தாயாக நின்றார். ஆலயப் பதிவேட்டில் குழந்தையின் பெயர் எழுதப்படவில்லை. தாய் தந்தையர் பெயரும் எழுதப்படவில்லை. இன்னாருடைய சொத்தாகிய கறுப்பினக் குழந்தை ஒன்று என்ற அளவிலேயே அப்பதிவு நின்றுவிட்டது. ஆன்மா உண்டென்று ஒப்புக்கொண்டு நீர் ஊற்றியவர்களுக்கு, அந்த ஆன்மாவுக்கு ஒரு பெயரும் உண்டென்பது அன்று தோன்றவில்லை.

1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. பீட்டர் பால் பண்ணையிலிருந்து தப்பிச் சென்று வடபுலத்துப் படையில் சேர்ந்தார். போர் முடியுமுன் நோயுற்று மாண்டார். கணவனைப் பற்றிய செய்தி ஏதும் இல்லாத நிலையில், 1862-ஆம் ஆண்டில் மார்த்தா ஜேன் மூன்று பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டார். ஆற்றங்கரை ஊராகிய ஹானிபலை அடைந்தபோது அடிமை பிடிப்போர் வழிமறித்தனர் என்றும், அங்கிருந்த வடபுலத்துப் படைவீரர் குறுக்கிட்டு ஓர் ஓட்டைப் படகைத் தேடிக் கொடுத்து அவர்களை அனுப்பி வைத்தனர் என்றும் குடும்பத்தார் சொல்லிவந்தனர். துடுப்புப் பிடித்துப் பழகாத அந்தத் தாய் மிசிசிப்பியைக் கடந்தார். எலியட் வழிவந்தோர் வேறு கதை சொல்வர்: போர் மூண்டவுடன் தம் முன்னோர் அடிமைகள் அனைவரையும் தாமாகவே விடுவித்துவிட்டார் என்பது அவர்கள் கூற்று. டோல்டன் தம் வாழ்நாள் முழுவதும் தாயுடன் தப்பி வந்ததாகவே சொல்லி வந்தார். படகில் இருந்தவர் சொல்லையே நாம் ஏற்கிறோம்.

ஆற்றுக்கு அப்பால், வடக்கே குயின்சி என்னும் நகரை அடைந்து அக்குடும்பம் குடியேறியது. விடுதலை கிடைத்தது, வயிற்றுக்கு வழி தேட வேண்டியிருந்தது. தாயும் சிறுவர் இருவரும் புகையிலைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தனர். இலையிலிருந்து நரம்பைக் கிழித்தெடுப்பதும் சுருட்டுச் சுற்றுவதும் வேலை. நாளொன்றுக்குப் பத்து மணி நேரம். வாரத்தில் ஆறு நாள். மடியில் பீடித் தட்டையும் அருகே பாடப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு வளர்ந்தவர்கள் இம்மலரைப் படிப்போருள்ளும் இருக்கக்கூடும். புகையிலைத் தூளின் நெடி எத்தகையது என்று அவர்களுக்கு எடுத்துரைக்கத் தேவையில்லை. குயின்சிக்கு வந்த சிறிது காலத்திலேயே மூத்தவன் சார்லஸ் நுரையீரல் காய்ச்சலால் இறந்தான். மூத்த மகனாக நின்று குடும்பத்தைத் தாங்கவேண்டிய பொறுப்பு எட்டு, ஒன்பது வயதுச் சிறுவனாகிய அகஸ்டஸ் மீது விழுந்தது.

குளிர்காலத்தில் சில திங்கள் தொழிற்சாலை மூடப்படும். அந்த இடைவெளியில்தான் படிப்பு. 1865-ஆம் ஆண்டு, போர் முடிந்து, அடிமைமுறையும் சட்டப்படி ஒழிந்த அதே ஆண்டில், மார்த்தா ஜேன் மகனைப் புனித பொனிபாஸ் ஆலயப் பள்ளியில் சேர்த்தார். அது ஜெர்மானிய மக்களின் பங்கு. பங்குத்தந்தை நல்லவர், தயங்காமல் சிறுவனைச் சேர்த்துக்கொண்டார். வெள்ளைப் பிள்ளைகளின் பெற்றோர் கொதித்தெழுந்தனர். கறுப்பினச் சிறுவனை நீக்காவிட்டால் தம் பிள்ளைகளை நிறுத்திவிடுவதாகவும் பங்கையே விட்டு விலகுவதாகவும் அச்சுறுத்தினர். குருவின் மீது ஆயரிடம் முறையீடு செய்வோம் என்ற பேச்சும் எழுந்தது. ஏறத்தாழ ஒரு திங்கள் கழிந்தது. தன்னால் குருவுக்கும் கன்னியர்க்கும் நேரும் தொல்லையைக் கண்டு தாயே மகனை நிறுத்திக்கொண்டார்.

இங்கே சற்று நின்று எண்ணிப் பார்க்கவேண்டும். அந்தப் பெற்றோர் கொடியவர் அல்லர். ஞாயிறு தவறாமல் திருப்பலிக்குச் சென்றவர்கள், உழைத்து உண்டவர்கள், அவர்களுள் பலர் தாய்நாட்டில் வறுமையுற்றுக் கடல் கடந்து வந்தவர்கள். அடிமைமுறை கூடாது என்ற மாநிலத்தில் வாழ்ந்து, அதற்கெதிரான போரில் தம் மக்களையும் இழந்தவர்கள் அந்நகரில் இருந்தனர். அடிமைமுறை ஒழியலாம் என்று ஒப்புக்கொண்டவர்களுக்கு, அடிமையின் மகன் தம் மகனுக்குப் பக்கத்தில் ஒரே பலகையில் அமர்வதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சட்டத்தை மாற்றுவதற்கும் பலகையில் இடம் கொடுப்பதற்கும் இடையே எத்தனை தொலைவு என்பதை நம் பள்ளிகளின் வரலாறும் கூறும்.

பின்னர் அகஸ்டஸ், கறுப்பினப் பிள்ளைகளுக்கென நகரம் ஒதுக்கியிருந்த பொதுப் பள்ளியில் சிறிது காலம் பயின்றான். தொழிற்சாலை அழைக்கும்போது வேலை, மூடும்போது பள்ளி என்ற நிலையில் படிப்பு தொடர்ச்சியாக அமையவில்லை. பதினான்கு வயது நிரம்பியபோதும் அவன் பெற்றிருந்த கல்வி மிகச் சிறிது.

1868-ஆம் ஆண்டில் அவன் வாழ்வு திரும்பியது. குயின்சி நகரின் மற்றொரு கத்தோலிக்கப் பங்கு அயர்லாந்து மக்களுடையது. அதன் குரு பீட்டர் மெக்கர் என்பவர். தாமும் அயர்லாந்தில் பிறந்தவர். வழக்கமாக ஆலயத்திற்கு வரும் தாயையும் மகனையும் கண்டு, பையன் ஏன் பள்ளிக்குச் செல்லவில்லை என்று வினவினார். நடந்ததைத் தாயார் கூறினார். தம் பள்ளியில் சேர்க்குமாறு அவர் சொன்னபோது, பழைய தொல்லை மீண்டும் வருமே என்று மார்த்தா ஜேன் அஞ்சினார். அந்தப் பொறுப்பைத் தம்மிடம் விட்டுவிடும்படி குரு உறுதி கூறினார்.

எதிர்ப்பு இங்கும் எழாமல் இல்லை. அயர்லாந்து மக்கள் ஆங்கிலேயர் ஆட்சியில் நிலமிழந்து, 1840-களின் பெரும்பஞ்சத்தில் இலட்சக்கணக்கில் மாண்டு, எஞ்சியோர் அமெரிக்கக் கரையில் கூலிகளாய் வந்திறங்கியவர்கள். அங்கும் இழிவாக நடத்தப்பட்டவர்கள். ஆயினும் தமக்குக் கீழே இன்னொருவர் இருப்பதில் பலரும் ஆறுதல் தேடினர். ஏணியின் ஒவ்வொரு படியில் நிற்பவனும் மேலே உள்ளவனின் காலை நோவதோடு கீழே உள்ளவனின் தலையையும் மிதிக்கும் அமைப்பைப் பற்றி அண்ணல் அம்பேத்கர் நமக்கு விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார். அவ்வமைப்பு அமெரிக்காவிலும் தன் வேலையைச் செய்தது. மெக்கர் அடிகளார் தளரவில்லை. முறையிட வந்தோருக்கு இணங்கவில்லை. பீடத்திலிருந்து பிறரன்பைப் பற்றிப் போதித்தார். பையன் பள்ளியில் இருப்பான் என்பதில் மாற்றமில்லை என்று தெளிவுபடுத்தினார். நோட்டர்டேம் சபைக் கன்னியர் வகுப்பறையில் அதே உறுதியோடு நின்றனர். நாளடைவில் முணுமுணுப்பு ஓய்ந்தது.

முந்தைய பள்ளியின் குருவும் நல்லவர்தாம்; இவரும் நல்லவர்தாம். ஒருவருடைய நல்லெண்ணம் ஒரு திங்களில் முறிந்தது, மற்றவருடையது நிலைத்தது. இருவருக்கும் உள்ள வேறுபாடு இரக்கத்தின் அளவில் இல்லை என்பது என் கருத்து. பங்கு மக்கள் விலகினாலும் விலகட்டும் என்று இரண்டாமவர் துணிந்திருந்தார்.

புனித பேதுரு பள்ளியில் அகஸ்டஸ் நான்கு ஆண்டுகள் பயின்றான். அப்போதும் புகையிலைத் தொழிற்சாலையை விட்டுவிடவில்லை. விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. பள்ளிக்குரிய திங்கள்களில் படிப்பு, பிறவற்றில் வேலை, இரவில் பாடம். தன்னைவிட வயதில் சிறியவர்களோடு அமர்ந்து எழுத்துக் கூட்டவேண்டியிருந்தது. வளர்ந்த பிள்ளைக்கு அது எளிதன்று. நம் இரவுப் பள்ளிகளில் மீசை முளைத்த மாணவர்களுக்குப் பாடம் சொன்னவர்கள் இதனை அறிவர். கூச்சத்தை மென்று விழுங்கி அவன் முன்னேறினான். அதிகாலைத் திருப்பலியில் குருவுக்குத் துணைநிற்கும் பணி அவனுக்குக் கிடைத்தது. இலத்தீன் மொழி மறுமொழிகளை மனப்பாடம் செய்தான். அதோடு நில்லாமல் அச்சொற்களின் பொருளையும் அறிய முற்பட்டான். பீடத்தில் துணைநின்ற பின்னர் நேரே தொழிற்சாலைக்குச் செல்வது அவன் வழக்கம். 16-ஆம் வயதில், 1870-ஆம் ஆண்டு, புதுநன்மை பெற்றான். ஆலயத்தைத் துப்புரவு செய்யும் பணியையும் பின்னாளில் ஏற்றுக்கொண்டான்.

ஒரு மாணவன் பள்ளிக்கு உரியவனாவது எப்போது? பெயரைப் பதிவேட்டில் எழுதிவிட்டால் மட்டும் அது நிகழ்ந்துவிடுவதில்லை. பதிவேட்டில் பெயர் இருந்தும் கடைசிப் பலகையில், தனித் தண்ணீர்க் குவளையோடு இருந்தவர்கள் நம் முன்னோர். புனித பேதுரு பள்ளியில் அகஸ்டசுக்குக் கிடைத்தது வேறு. ஆலயத்தின் நடுவே, எல்லாரும் காணும் இடத்தில், பீடத்தருகே அவனுக்கு ஒரு பணி இருந்தது. அவன் வராவிட்டால் அப்பணி நின்றுவிடும். அங்கு அவன் தேவைப்பட்டான். திருமுழுக்குப் பதிவேட்டில் பெயரின்றி நுழைந்தவனைப் பெயர் சொல்லி அழைக்கும் ஓர் இடம் உருவாயிற்று. தான் குருவாகலாம் என்ற எண்ணம் அவனுள் வேரூன்றியதும் இங்கேதான். மெக்கர் அடிகளாரே அதனை ஊக்குவித்தார். 1872-ஆம் ஆண்டு, 18-ஆம் வயதில், பள்ளிப் படிப்பை முடித்தான்.

அதன்பின் எட்டு ஆண்டுகள் காத்திருப்பு. அமெரிக்காவில் இருந்த குருமடங்களுக்கு விண்ணப்பங்கள் சென்றன. ஒன்றும் ஏற்கவில்லை. பிரான்சிஸ்கன் சபையும் ஏற்கவில்லை. கறுப்பின மக்களுக்கென்றே தொண்டு செய்ய வந்த சபையும் ஏற்கவில்லை. காலம் இன்னும் கனியவில்லை என்பதே மறுமொழிகளின் சாரம். இது நமக்கு மிகவும் பழகிய சொல். ஆலய நுழைவுக்கும், பொதுக் கிணற்றுக்கும், ஒரே கல்லறைத் தோட்டத்திற்கும் காலம் கனியவில்லை என்றே சொல்லப்பட்டது. எப்போது கனியும் என்று சொன்னவர் மட்டும் எவருமில்லை.

இந்த ஆண்டுகளில் அகஸ்டஸ் சோர்ந்து அமர்ந்துவிடவில்லை. குயின்சி நகரத்துக் குருக்கள் சிலர் முறைவைத்து அவருக்குத் தனியே இலத்தீனும், கிரேக்கமும், ஜெர்மானிய மொழியும், வரலாறும் கற்பித்தனர். பகலில் புகையிலைத் தொழிற்சாலை. பின்னர்ச் சோடா நிரப்பும் நிறுவனம். குதிரைச் சேணப் பொருள் செய்யும் தொழிற்சாலை. இரவில் மொழிப் பாடம். 1878-ஆம் ஆண்டில் பிரான்சிஸ்கன் துறவியர் தாங்கள் நடத்தி வந்த புனித சொலானோ பிரான்சிஸ் கல்லூரியில் அவரைச் சிறப்பு மாணவராகச் சேர்த்துக்கொண்டனர். 1860-இல் நிறுவப்பட்ட அக்கல்லூரியே இன்று குயின்சிப் பல்கலைக்கழகமாக வளர்ந்துள்ளது. சபையில் சேர்க்க மறுத்தவர்களே கல்லூரியில் இடம் கொடுத்தனர் என்பது வியப்புக்குரியது. ஒரே நிறுவனத்துக்குள் இரண்டு மனங்கள் இருக்கக்கூடும்; எந்த மனம் திறந்திருக்கிறதோ அதன் வழியே நுழைவது அறிவுடைமை.

அதே ஆண்டில், மைக்கேல் ரிச்சர்ட் என்னும் பிரான்சிஸ்கன் குரு கறுப்பினப் பிள்ளைகளுக்காக ஒரு ஞாயிற்றுப் பள்ளியைத் தொடங்கியபோது அகஸ்டஸ் அதில் ஆசிரியராகத் தோள் கொடுத்தார். தமக்கே குருமடக் கதவு திறக்காத நாளில், தம் தெருப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கப் புறப்பட்டார். அந்த ஞாயிற்றுப் பள்ளி நாளடைவில் புனித சூசையப்பர் பள்ளியாக உருப்பெற்றது.

ரிச்சர்ட் அடிகளாரும் மெக்கர் அடிகளாரும் உள்நாட்டுக் கதவுகளைத் தட்டுவதை நிறுத்தி, உரோமைக்கு எழுதினர். ஆல்ட்டன் மறைமாவட்ட ஆயர் பால்டெஸ் துணைநின்றார். உலகின் பல நாடுகளுக்கு மறைப்பணியாளரைப் பயிற்றுவிக்கும் உர்பான் கல்லூரி அவரை ஏற்றது. 1880 பிப்ரவரியில் குயின்சியை விட்டுப் புறப்பட்டு, மார்ச்சுத் திங்களில் உரோமையை அடைந்தார். புகையிலைத் தொழிலாளி ஆறாண்டுகள் மெய்யியலும் இறையியலும் பயின்றார். ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்த மாணவர் அங்கே ஒன்றாக உண்டு, ஒன்றாகப் படித்தனர். நிறத்தின் பெயரால் அவரை ஒதுக்கியவர் இல்லை. கஸ் என்று சுருக்கி அழைத்தனர். இசையில் வல்லவராகிய அவர் தம் இனத்தாரின் பக்திப் பாடல்களைப் பாடிக் காட்டுவார். அவர் வாழ்வில் மனச்சுமையின்றிக் கழிந்த ஆண்டுகள் இவையே எனலாம்.

1886 ஏப்ரல் 24, பெரிய சனிக்கிழமையன்று, உரோமை புனித யோவான் இலாத்தரன் பேராலயத்தில் கர்தினால் பரோக்கி அவருக்குக் குருப்பட்டம் வழங்கினார். மறுநாள் உயிர்ப்புப் பெருவிழாவன்று புனித பேதுரு பேராலயத்தில் முதல் திருப்பலி நிறைவேற்றினார். ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்படுவோம் என்றே அவர் எண்ணியிருந்தார். கர்தினால் சிமியோனி அந்த ஏற்பாட்டை மாற்றினார். தன்னை அறிவில் முதிர்ந்த நாடு என்று கூறிக்கொள்ளும் அமெரிக்கா இதுவரை கறுப்பினக் குருவைக் கண்டதில்லையாயின், இனிக் காணட்டும் என்பது அவருடைய கருத்து. புறக்கணித்த நாட்டுக்கே திரும்பிச் செல்லும் ஆணை வந்தது.

அமெரிக்காவில் கறுப்பினத் தாய் வயிற்றில் பிறந்து குருவானவர் அவருக்கு முன்னரும் உண்டு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஜார்ஜியா மாநிலத்து அயர்லாந்துப் பண்ணையார் ஒருவருக்கும் அவருடைய அடிமைப் பெண்ணுக்கும் பிறந்த ஹீலி சகோதரர் மூவர் குருக்களாயினர். மூத்தவரான ஜேம்ஸ் ஹீலி குருப்பட்டம் பெற்றதும் அகஸ்டஸ் பிறந்ததும் ஒரே ஆண்டு, 1854. ஜேம்ஸ் பின்னர் ஆயராகவும் உயர்ந்தார். ஆயினும் வெளிர்நிறம் வாய்த்த அவர்கள் உலகின் கண்ணுக்கு அயர்லாந்து மரபினராகவே வாழ்ந்தனர். தாய்வழிப் பிறப்பைப் பொதுவில் எடுத்துச் சொல்லவில்லை. அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. நகரங்களில் வாடகை வீடு தேடும்போதும், அலுவலகத்தில் ஊர்ப் பெயரைக் கேட்கும்போதும், பிறப்பை மறைத்துத் தப்பித்த நம்மவர் எத்தனையோ பேர். மறைக்க நேர்ந்தவர் மீதன்று, மறைக்கச் செய்தவர் மீதே குற்றம். ஆனால் அகஸ்டஸ் டோல்டனுக்கு மறைக்கும் வாய்ப்பே இல்லை. அனைவரும் கறுப்பரென்று அறிய, கறுப்பராகவே பீடமேறிய முதல் அமெரிக்கக் கத்தோலிக்கக் குரு அவர்.

1886 ஜூலைத் திங்களில் குயின்சி நகரம் அவரை மேளதாளத்தோடு வரவேற்றது. வெள்ளையரும் கறுப்பரும் திரளாகக் கூடினர். ஜூலை 18, ஞாயிற்றுக்கிழமை, தம் ஊரில் முதல் திருப்பலியை அவர் நிறைவேற்றிய இடம் புனித பொனிபாஸ் ஆலயம். இருபத்தோராண்டுகளுக்கு முன், ஒரு திங்கள்கூட முழுமையாகப் பொறுக்காமல் எந்தப் பங்கின் பள்ளி அவரை வெளியேற்றியதோ, அதே பங்கின் பீடம். அன்று ஆலயம் நிரம்பி வழிந்தது. அவரைத் தன் மகன் பக்கத்தில் அமரவிடாத எவரேனும் அந்தக் கூட்டத்தில் மண்டியிட்டு அவர் கையால் ஆசி பெற்றிருக்கவும் கூடும்.

இத்தோடு துன்பம் தீர்ந்ததென்று எழுதினால் அது பொய்யாகும். குயின்சியில் கறுப்பின மக்களுக்கான புனித சூசையப்பர் ஆலயத்தின் பங்குத்தந்தையாக அவர் அமர்த்தப்பட்டார். அவருடைய மறையுரைக்கும் பாடலுக்கும் மனம் பறிகொடுத்த வெள்ளையரும் அவர் ஆலயத்துக்கு வரத் தொடங்கினர். காணிக்கையும் அங்கே விழுந்தது. இதைப் பொறாத அண்டைப் பங்குக் குரு ஒருவர் ஆயரிடம் முறையிட்டார். கறுப்பின மக்களுக்கு மட்டுமே பணியாற்ற வேண்டும், வெள்ளையரை வரவிடலாகாது என்று அவருக்குக் கட்டளை பிறந்தது. அந்தக் குரு வேறு எந்தப் பங்கினரும் அல்லர். அதே புனித பொனிபாஸ் பங்கின் பொறுப்பாளர். சிறுவனாயிருந்தபோது பெற்றோர் செய்ததைக் குருவானபின் உடன்குரு செய்தார். மற்றொருபுறம் கறுப்பினப் புராட்டஸ்டண்டுப் போதகர் சிலரும் தம் மக்கள் அவர்பால் செல்வதை விரும்பவில்லை. இரு பக்கமும் நெருக்க, தனிமை அவரை வாட்டியது.

1889 சனவரியில் வாஷிங்டன் நகரில் கறுப்பினக் கத்தோலிக்கரின் முதல் மாநாடு கூடியது. அதன் தொடக்கத் திருப்பலியை நிறைவேற்றியவர் டோல்டன் அடிகளார். அதே ஆண்டு இறுதியில், தம் விருப்பப்படி, சிகாகோ மாநகருக்கு மாற்றம் பெற்றார். அங்கே நிலவறை ஒன்றில் வழிபட்டுவந்த சிறு கூட்டத்தைத் திரட்டிப் புனித மோனிக்கா பங்கை உருவாக்கினார். ஏறக்குறைய 30 பேராக இருந்த பங்கு 600 பேராகப் பெருகியது. பின்னாளில் புனிதராக அறிவிக்கப்பட்ட கேத்தரின் டிரெக்சல் அம்மையார் பொருளுதவி செய்தார். 1894-இல் புதிய ஆலயம் திறக்கப்பட்டது. ஆனால் பணம் போதாமையால் கட்டடம் முழுமை பெறவில்லை. குடிசை குடிசையாக ஏறி இறங்கி, நோயுற்றோரையும் வேலையற்றோரையும் தேடிச் செல்வதே அவருடைய அன்றாடப் பணி. தாயார் மார்த்தா ஜேன் மகனுடன் தங்கி இல்லத்தைக் கவனித்துக்கொண்டார். சீதனப் பொருளாக மிசௌரிக்கு வந்த அப்பெண்மணி, மகன் பீடத்தில் நின்று இலத்தீனில் வழிபாடு நடத்துவதை முன்வரிசையிலிருந்து கண்டார்.

நாடெங்கிலும் இருந்து அழைப்புகள் வந்தன, உரையாற்றச் சென்றார், உடல் தளர்ந்தது. 1897 ஜூலையில் சிகாகோவைக் கடும் வெப்ப அலை தாக்கியது. குருக்களின் தியானக் கூட்டம் முடிந்து தொடர்வண்டியில் திரும்பி, இல்லம் நோக்கி நடந்தவர் தெருவில் மயங்கி வீழ்ந்தார். ஜூலை 9-ஆம் நாள் மருத்துவமனையில் உயிர் நீத்தார். வயது 43.

2019 ஜூன் திங்களில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார். சிகாகோவில் அவர் வளர்த்த புனித மோனிக்கா பங்கு பிற்காலத்தில் வேறொரு பங்கோடு இணைக்கப்பட்டது. தாயார் அவருக்குப் பின்னும் வாழ்ந்து 1911-இல் மறைந்தார். மெக்கர் அடிகளார் 1893-லேயே காலமாகியிருந்தார்.

சிகாகோவில் இறந்தபோதிலும் டோல்டன் அடிகளாரின் உடல் அங்கே அடக்கம் செய்யப்படவில்லை. அவருடைய விருப்பப்படி தொடர்வண்டியில் குயின்சிக்குக் கொண்டுவரப்பட்டது. அவருக்குப் பலகையில் இடம் கொடுத்த புனித பேதுரு பங்கின் கல்லறைத் தோட்டத்தில், குருக்களுக்குரிய பகுதியில், அவரை நல்லடக்கம் செய்தனர்.